கவர் தூக்கும் ஆராய்ச்சி

அரியலூரிலிருந்து பெரம்பலூர் போகும் பஸ்ஸில், முன்சீட்டுக் கல்லூரிப் பெண் தோழியிடம் சொன்னாள்: "நான் பண்றது ஆராய்ச்சி இல்லடி, தபால் வேலை."

நான் உடனே தூங்குவதுபோல் நடித்தேன். அந்த ஒரு வேலைதான் எனக்கு ஒழுங்காக வரும்.

"சிமெண்ட் கம்பெனியும் காலேஜும் சேந்து புதுசா ஒண்ண எப்படிக் கண்டுபிடிக்குறாங்கன்னு பாக்கத்தானே இன்டர்ன்ஷிப்?"

"அதுக்கு ரெண்டு பேரும் பேசணும்ல. எங்க சார் முதல்ல போன் பண்ணா மரியாதை போயிடுமாம். கம்பெனி மேனேஜருக்கும் அதே நோய். ரெண்டு மாசமா நான்தான் பஸ்ல கவர் தூக்குறேன்."

"அவங்க உக்காந்து ஒரு கூட்டம் போட்டாத்தான் உனக்குச் சர்டிபிகேட்டுன்னியே?"

"நடந்துச்சுன்னு ரிப்போர்ட்ல எழுதிட்டேன். கலந்துகிட்டது நான் மட்டுந்தான்னும் எழுதினேன்."

"ஐயையோ. அப்புறம்?"

"ரெண்டு பேரும் படிக்காமலே கையெழுத்துப் போட்டுட்டாங்க. சார் ஓரத்துல 'நல்ல கூட்டுமுயற்சி'ன்னு வேற எழுதியிருக்காரு."