வெர்னாவின் மூன்றாவது கடைசிக் கச்சேரி

ஒருத்தியை எத்தனை தடவை கண்ணீர் விட்டு வழியனுப்ப உங்களால் முடியும்? எங்கள் ஆட்கள் பாடகி வெர்னாவை இரண்டு தடவை அனுப்பிவைத்தார்கள். இரண்டு தடவையும் மூக்கைச் சிந்தி அழுதார்கள். இரண்டு தடவையும் அவள் திரும்பி வந்தாள். மூன்றாவது "கடைசிக் கச்சேரிப் பயண"த்துக்கு டாம்வொர்த் ஊரில் நான் சுவரொட்டி ஒட்டிக்கொண்டிருந்தபோது ஒருவன் நின்று கேட்டான்.

"என்னப்பா கிளாரி, மகாராணி இந்தத் தடவையாச்சும் நெஜமாப் போறாளா, இல்ல பால் வாங்கப் போன மாதிரி திரும்பி வந்துருவாளா?"

சிரித்துவைத்தேன். அவளுடைய மேலாளருக்குச் சிரிப்பதும் வேலைதான்.

அதற்கு முன்பு நான் அவள் ஊர் கிளப்பில் இறைச்சிக் குலுக்கல் நடத்தியவன். பீர் குடிக்க வருகிறவர்கள் சீட்டு வாங்குவார்கள். விழுந்தவனுக்கு ஒரு தட்டு ஆட்டுக்கறி. எவ்வளவு பெரிய பாட்டாக இருந்தாலும் குலுக்கல் என்றால் பாதியில் நிற்கும். எங்கள் ஊரின் ரசனை அவ்வளவுதான். மற்ற பாடகர்களுக்கு அது அவமானம். வெர்னாவுக்கு அதுவே வசதி. தொண்டை தளர்ந்தால் கழுத்தில் இரண்டு விரல் வைப்பாள். நான் உடனே சீட்டுகள் போட்ட பீப்பாயைச் சுழற்றி எண் கூப்பிடுவேன். அவள் தண்ணீர் குடித்துக்கொள்வாள். நாடே தலையில் வைத்து ஆடிய குரல் ஆட்டுக்கறியின் தயவில் பிழைத்தது. அவள் புகழ் பெற்ற பிறகும் அந்தக் கிளப்பில் பாடினால் பீப்பாய் என் கையில்தான்.

பயணத்தின் நடுவில் டாக்டர் அழைத்தார். அவளுக்கு வரும் அழைப்பெல்லாம் எனக்குத்தான் வரும்.

"குரல் நாண்ல ரத்தம் கட்டியிருக்கு. பாட்டை நிறுத்தி ஓய்வு குடுத்தா இன்னும் பல வருஷம் பாடுவாங்க. இப்பவே இழுத்துப் பாடினா அவ்ளோதான்."

இன்னும் பல வருஷம். அதாவது இன்னும் பல கடைசிப் பயணம்.

"டாக்டர் கூப்பிட்டார். தொண்டையில வெறும் புழுதிதானாம், வெர்னா. தேன் குடி," என்றேன்.

"உள்ள என்னமோ கிழியிற மாதிரி இருக்கு, கிளாரி."

"நான் என்னிக்காவது உன்னைக் கைவிட்டிருக்கேனா?"

"இல்லப்பா," என்றாள்.

கடைசிக் கச்சேரி அதே கிளப்பில். உருளை வறுவலை மென்றுகொண்டே, "இன்னொண்ணு, கெழவி! இன்னொண்ணு!" என்று கத்தினார்கள். பாடினாள். உச்சத்துக்கு ஏறும் முன் கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். பீப்பாயின் கைப்பிடி என் கையில் இருந்தது. நான் சுற்றவில்லை. நான் கவனிக்கவில்லை என்று நினைத்து மறுபடி வைத்தாள். நேராக அவள் கண்ணையே பார்த்தேன். எனக்கு ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பி, மேலே ஏறினாள்.

எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். பிறகு கறிச் சீட்டு வாங்க வரிசையில் நின்றார்கள்.

ஊர் சிரிக்க விடாமல், இதுதான் கடைசி என்ற அவள் சொல்லைக் காப்பாற்றியவன் நான். வேறு யார் செய்திருப்பார்கள்?

மறுநாள் காலை விடுதியின் சாப்பாட்டு மேசையில் வந்து உட்கார்ந்து வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. கழுத்தில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவினேன்.