கண் பத்தியம்

"ஹலோ... ஹலோ... ஆங், சுலைமான்தான் பேசறேன். யாரு... ஆபித்தா? என்ன கொரலு இவ்வளவு தணிஞ்சு வருது... படுத்துக்கிட்டா பேசற? வெயில் ஏறிப்போச்சு, இன்னும் என்ன படுக்க?"

சமையற்கட்டில் மீன் அலசிக்கொண்டிருந்த பல்கீஸ், தம்பியின் பெயரைக் கேட்டதும் குழாயை அடைத்தாள். ஆபித் அவளுடைய ஒரே தம்பி. ரங்கூனில் அவளும் புருஷனும் பசுந்தாங் பக்கம் இருந்தார்கள், அவன் அலோன் பக்கம். போன வாரம் அவன் கண்ணுக்குள் பூச்சி பறக்கத் தொடங்கி, நேற்று முன்தினம் கண் டாக்டரம்மாவிடம் போய் வந்திருந்தான். அதே பூச்சி அவள் புருஷன் சுலைமானுக்கு மழைக்காலம் முடிந்த கையோடு பறக்க ஆரம்பித்துவிட்டது. டாக்டரும் அதே டாக்டர்தான். ஆகவே இந்த நோயில் மச்சானைவிடத் தான் மூத்தவர் என்பதில் சுலைமானுக்கு ஒரு மிதப்பு இருந்தது. பபேடான் கடைத்தெருவில் பூட்டும் கீலும் விற்கிற மனிதரிடம் உடம்பைப் பற்றி யாரும் யோசனை கேட்டதில்லை. இப்போது கேட்பதற்கு ஓர் ஆள் கிடைத்திருக்கிறான்.

"ஸயாமா என்ன சொன்னா?... ம்... ம்... ஹொக்கே, ஹொக்கே. எனக்குச் சொன்னதேதான். பயப்படாத. மொதல்ல நீ எந்திரிச்சு ஒக்காரு... ஒக்காரலாம்ப்பா. ஒக்காந்தா கண்ணு கீழ விழுந்துராது."

டாக்டரம்மாவை அவர் பர்மிய வழக்கப்படி ஸயாமா என்றுதான் சொல்வார். ஆமாம் என்பதற்கும் ஹொக்கே என்ற பர்மியச் சொல்தான் முதலில் நாக்குக்கு வரும். பிரம்பு நாற்காலியைப் போன் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்கிற சத்தம் கேட்டது. பேச்சு இப்போதைக்கு முடியாது என்று பல்கீஸுக்குத் தெரிந்துவிட்டது.

"கண்ணுக்குள்ள நொங்கு மாதிரி ஒண்ணு இருக்குல்ல... நொங்கு. பன நொங்கு. வயசானா அது சுருங்கும். சுருங்கி, பின்னால இருக்கற திரைய விட்டு வெலகும். அதுதான் எனக்கு, அதுதான் ஒனக்கு. வெலகிப் போனாப் போகட்டும், பெரிய சங்கதி இல்ல. ஆனா வெலகறப்ப திரையப் புடிச்சு இழுத்துக் கிழிச்சிரக்கூடாது. அதுக்குத்தான் பத்தியம்... சாப்பாட்டுல பத்தியம் இல்லப்பா, ஒடம்ப ஆட்டறதுலதான் பத்தியம். நீ பிரியாணியே தின்னு."

"என்னது... நடக்கவே இல்லையா? யாரு ஒன்ன நடக்க வேணாம்னா? நட. காலையில ஆத்தங்கர வரைக்கும் நல்லா நடந்துட்டு வா... வேகமா வேணாம், ஒன் போக்குல நட. ஸயாமா எனக்கு மொத நாளே சொல்லிட்டா, நடையில ஒரு கொறையும் இல்லேன்னு... ஆமா. ஆமா. சின்லோனா? அதத் தொடாத. கொஞ்ச வாரத்துக்கு அந்தப் பிரம்புப் பந்து பக்கமே போகாத. குதிக்கறது, தலைய வெட்டி வெட்டித் திருப்பறது, ஓடறது, இது ஒண்ணும் ஆகாது. மறுபடி போய்க் காட்டு, திரை நல்லா இருக்குன்னு அவ வாயால சொல்லட்டும். அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா ஆடிக்க."

பல்கீஸ் ஈரக் கையைத் துணியில் துடைத்தபடி சிரித்துக்கொண்டாள். இது ஒவ்வொன்றும் அவள் அந்த மனிதருக்குத் தலைபாடாய் அடித்துக்கொண்டு சொன்னது. டாக்டரம்மா பேசும்போது சுலைமான் சுவரிலிருந்த கண் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேட்டு மனதில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தவள் இவள்தான். இன்று அவர் வாயிலிருந்து கேட்கும்போது, அவரே கண்டுபிடித்தது போல இருந்தது.

"எடை தூக்காத. அரிசி மூட்ட, தண்ணி வாளி, ஒண்ணையும் தொடாத. யாரையாவது தூக்கச் சொல்லு... தூக்கறப்ப மூச்சப் புடிக்கறோம்ல, அந்த முக்குதான் ஆகாது... அங்கயும்தான். கக்கூஸ்லயும் முக்கக்கூடாது. சிரிக்காதப்பா, நெசமாத்தான் சொல்றேன். பப்பாளி தின்னு... தும்மலா? வந்தாத் தும்மு, அத அடக்காத... தொழுகையா? அவ அதப் பத்தி ஒண்ணும் சொல்லலியே. போய்க் கேளு, நீயா ஃபத்வா குடுத்துக்காத... தலைகீழா நிக்கற யோகா கீகா எல்லாம் ஒனக்கு எப்பவும் கிடையாது, அத விடு."

"நானா? நான் எல்லாத்தையும் விட்டாச்சு. நேத்தா... நேத்து நம்ம தெருதான் ஜெயிச்சது. பின்ன? அடுத்த தெரு தங்கவேலு ஆளுக கயித்தத் தொட்டதுதான் தாமசம், சறுக்கிக்கிட்டு வந்துட்டானுக... நான் இல்லப்பா. நான் விசில் ஊதுனதோட சரி. ஸயாமா சொன்னதுக்கப்புறம் நான் எதுக்குக் கயித்தப் புடிக்கறேன்?"

நேற்று ஜனவரி நாலு, பர்மாவின் சுதந்திர தினம். ரங்கூனில் அன்றைக்குத் தெருவுக்குத் தெரு கயிறு கட்டி வண்டிகளை நிறுத்திவிட்டு விளையாட்டு நடக்கும். சாக்கு ஓட்டம், வழுக்குமரம், கடைசியாகக் கயிறு இழுப்பு. பல வருஷமாக அவர்கள் தெருவின் கயிற்று நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு கடைசியில் நிற்பவர் சுலைமான்தான். இந்த வருஷம் விசில் மட்டும் என்று பல்கீஸின் தலையில் கை வைத்துச் சொல்லிவிட்டுப் போனார். திரும்பி வந்தபோது லுங்கியெல்லாம் மண். ஜெயித்த சந்தோஷத்தில் பையன்கள் மேலே வந்து விழுந்தார்கள் என்றார். அவளும் நம்பி, துணியை ஊறப்போட்டாள்.

"சரி, இதக் கேளு. இதுதான் முக்கியம். சில அடையாளம் இருக்கு. அது தெரிஞ்சா ஒரு நிமிசம் நிக்காத, நேரா ஆஸ்பத்திரி. பூச்சி திடீர்னு கூட்டமாப் பெருகுச்சுன்னா... கரித்தூள் கொட்டுன மாதிரி... ஆமா. ஓரத்துல மின்னல் வெட்டறது கூடுச்சுன்னா. அப்புறம் திரை எறங்குனா... எப்படி இருக்குமா? அதையும் சொல்றேன். கறுப்பா இருக்கும்னு நெனச்சிராத. சாம்பல் கலரு. ஒரு மூலையில இருந்து வரும். கீழ, மூக்கு ஓரமா, மொதல்ல மூக்கு நெழலுன்னுதான் நெனப்ப. தலையத் திருப்புவ, அதுவும் கூடவே திரும்பும். கண்ணாடியத் தொடப்ப, அப்படியே இருக்கும். மொகத்தக் கழுவுவ, அப்பவும் போகாது. காலையில பேப்பர எடுத்தா, கீழ் வரி மட்டும் தண்ணியில ஊறுன மாதிரி..."

சமையற்கட்டில் பல்கீஸ் செதில் சீவிக்கொண்டிருந்த மீனைக் கீழே வைத்தாள்.

"... என்ன? எப்படித் தெரியும்னா... ஸயாமா சொன்னதுதான்... ஒனக்கு அப்படிச் சொல்லலியா? திரை மாதிரின்னு மட்டுமா சொன்னா? ஒனக்குச் சுருக்கமாச் சொல்லியிருப்பா. எனக்கு வெளக்கமா..."

டாக்டரம்மா சொன்னபோது பல்கீஸும் அங்கேதான் இருந்தாள். "திரை விழுந்த மாதிரி இருந்தால் உடனே வாருங்கள்" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. மூக்கு நிழலும், கீழ் வரியும், முகம் கழுவினதும் அதில் இல்லை. முகம் கழுவினது மட்டும் அவளுக்கு நன்றாக ஞாபகம் இருந்தது. காலையிலிருந்து இந்த மனிதர் திரும்பத் திரும்பக் குழாயடிக்கு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தார். வெக்கையாக இருக்கிறது என்றார். ஜனவரி மாதம் என்ன வெக்கை என்று அவள் அப்போது கேட்கவில்லை.

அவள் கத்தியோடு அப்படியே எழுந்து கூடத்துக்கு வந்தாள். போனில் பேசிக்கொண்டிருந்தவர் அவளைப் பார்த்ததும் குரலைத் தணித்தார்.

"ஒண்ணுமில்ல ஆபித். நேத்து மண்ணு பறந்துச்சு, அதுல எதுனா விழுந்திருக்கும்... இல்லப்பா... சொல்றேன்ல... இன்னிக்கு லீவு முடிஞ்ச மொத நாளு, கடை தெறக்கணும். ஒங்க லாத்தா பல்கீஸு வேற இங்க நிக்கறா... போன அவகிட்டக் குடுக்க முடியாது... என்ன பரிச்ச? எதுக்கு நல்ல கண்ணப் பொத்தணும்?... ஏன்ப்பா நீ கத்தற, முக்காதன்னு இப்பத்தான் சொன்னேன்..."

மறுமுனையில் இதுவரை தணிந்து பேசிய ஆபித்தின் குரல் இப்போது கூடம் வரை கேட்டது. சொற்கள் தெரியவில்லை, சத்தம் மட்டும் தெரிந்தது. பல்கீஸ் அவருக்கு நேர் எதிரே வந்து நின்றாள்.

"சரி சரி. பொத்திட்டேன். எடது கண்ணப் பொத்திட்டேன். இப்ப என்னங்கற... ஒங்க லாத்தாவா? தெரியறாளே. எதிர்லதான் நிக்கறா. மொகம் நல்லாத் தெரியுது, கோவமா இருக்கா. போதுமா?... கையா? கையில என்ன வச்சிருக்கான்னா..."

அவர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு சொன்னார்.

"கையில ஒண்ணுமில்லையே."

பல்கீஸ் குனிந்து தன் வலது கையைப் பார்த்தாள். மீன் செதில் ஒட்டிய கத்தி அதில் இருந்தது. "கத்தி இருக்கு" என்றாள்.

பின்னால் அறுவைச் சிகிச்சை செய்து டாக்டரம்மா அந்தக் கண்ணைப் பெரும்பாலும் மீட்டுக் கொடுத்தார். நடுப்பார்வை கெடவில்லை, கீழ் ஓரம் மட்டும் மங்கலாகவே நின்றுவிட்டது. கயிறுதான் காரணமா என்று கேட்டதற்கு, அதனாலும் இருக்கலாம், தானாகவும் கிழிந்திருக்கலாம் என்றார். ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த நேரத்தில் பல்கீஸுக்குத் தெரிந்ததெல்லாம், முப்பது வருஷம் கூட வாழ்ந்த மனிதர் தன் கையைக் காணாமல் தன் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதுதான்.

சுலைமான் பொத்திய கையை எடுத்தார். இரண்டு கண்ணாலும் கத்தியைப் பார்த்தார். மறுபடி இடது கண்ணைப் பொத்தினார், மறுபடி எடுத்தார். அவருடைய மிதப்பெல்லாம் எங்கோ போய்விட்டது.

"ஆபித்... இருக்கியா... கத்தி வச்சிருக்கா. எனக்குத் தெரியல."

"... ம். ம்... நேத்து ராத்திரியே கொஞ்சம் இருந்துச்சு. தூங்குனாச் சரியாப் போயிரும்னு... ஆமா. ஆமாப்பா, கயித்தப் புடிச்சேன். விசில்தான் ஊதிக்கிட்டிருந்தேன். நம்ம ஆளுக சறுக்குனானுக. தங்கவேலு அந்தப் பக்கம் இருந்து என்னப் பாத்து, கெழவன் விசில் ஊதத்தான் லாயக்குன்னான். என்னையறியாம வாயில இருந்த விசிலத் துப்பிட்டு... நெசந்தான், கடைசியில போய்க் கயித்தச் சுத்திக்கிட்டேன்... முக்குனேன். பின்ன முக்காம எப்படி ஜெயிக்கறது?"

சொல்லிவிட்டு அவர் பல்கீஸின் முகத்தைப் பார்க்கவில்லை. அவளுக்குச் சொல்வதற்கு நிறைய இருந்தது. தலையில் வைத்த கையைப் பற்றி மட்டுமே ஒரு வாரம் பேசலாம். அதை வேறொரு நாளைக்கு என்று ஒதுக்கி வைத்துவிட்டு, கத்தியைக் கொண்டுபோய்ப் போட்டாள். அலமாரியிலிருந்து அவருக்கு வெள்ளைச் சட்டையை எடுத்து வந்தாள்.

"கடையா? இல்ல, தெறக்கல... போறேன்ங்கறேன்ல. ஒங்க லாத்தா சட்டய எடுத்துட்டு வந்துட்டா... பஸ்ஸுலயே... பஸ்ஸு வேணாமா? குலுக்குமா?... ஹொக்கே. நீ காரு புடிச்சுக்கிட்டு வர்றியா? நீ எதுக்கு வர்ற, ஒனக்கே ஒடம்பு... நான் எதையும் தூக்கல. குனியல. இப்படியே நாற்காலியிலதான் இருக்கேன்... சாப்பிடக்கூடாதா? ஏன்... ஆபரேசன்னாவா..."

பல்கீஸ் அவர் கையைச் சட்டைக்குள் நுழைத்தாள், குழந்தைக்குப் போடுவது போல. போன் பிடித்திருந்த கை மட்டும் நுழையவில்லை. அவர் அதை விடாமல் பிடித்திருந்தார்.

"ஆபித், ஒண்ணு கேக்கறேன்... மறைக்காமச் சொல்லு. திரைய ஒட்டிருவாங்கல்ல?... நீ ஸயாமாகிட்டக் கேட்டியா?... ஒனக்கு எங்க தெரியும், நீயும் என்ன மாதிரிதான்... சரிப்பா. சரி. வா."

"இரு, இரு, வெச்சிராத. மெதுவா வா. படியில ஓடி எறங்காத, ஒனக்கும் ஆகாது அது. ஒவ்வொரு படியா, கம்பியப் புடிச்சுக்கிட்டு எறங்கு. கார்ல ஏறறப்ப தலையக் கிலைய இடிச்சுக்காத. டிரைவர்கிட்ட மேடு பள்ளம் பாத்து ஓட்டச் சொல்லு, மச்சான் கண்ணுக்கு மட்டுமில்ல, என் கண்ணுக்கும்தான்னு சொல்லு... கேக்குதா?... ஆபித்?... ஹலோ?"

ஆபித் எப்போதோ போனை வைத்துவிட்டிருந்தான். சுலைமான் இன்னும் கொஞ்ச நேரம் அதைக் காதிலேயே வைத்திருந்தார். பல்கீஸ் அதை வாங்கி வைத்துவிட்டு, அவருடைய மற்றக் கையையும் சட்டைக்குள் நுழைத்தாள்.