தலைக்கணக்கு

உங்கள் ஸ்டேஷன் சுவர்க் கடிகாரம் நான்கு நிமிடம் பின்தங்கி ஓடுகிறது, ஐயா. வந்ததிலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன், கண்ணை எடுக்க முடியவில்லை. நான் நடந்துகொண்டே சொல்லலாமா? இருபத்திரண்டு வருடம் ஓடும் பேருந்தில் நின்றபடி பேசியவன். உட்கார்ந்தால் எனக்கு வார்த்தை வராது. இந்த நாற்காலியின் ஒரு கால் வேறு ஆடுகிறது.

எங்களுடையது கடற்கரைச் சுற்றுலா. மூன்று நாள், பதினோரு நிறுத்தம். ஒரு பக்கம் குன்று, ஒரு பக்கம் கடல். ஓட்டுவது என் மச்சினன், மனைவியின் தம்பி. பேசுவது நான். ஒவ்வொரு நிறுத்தத்திலும் கிளம்புவதற்கு முன் கடைசி வரிசையிலிருந்து முன்வரை நடந்து, ஒவ்வோர் இருக்கையின் முதுகையும் தொட்டுத் தலை எண்ணுவேன். நான் "சரி" என்று சொன்னால்தான் மச்சினன் கதவை மூடுவான். சொல்லிவிட்டால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான். இத்தனை வருடத்தில் ஒரு செருப்பைக்கூட மறந்து எங்கேயும் விட்டுவிட்டு வந்ததில்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள், நான் வந்ததே இதற்காகத்தான்.

வாத்தியார் விஷயத்துக்கு வருகிறேன். இந்த முறை முப்பத்தொன்பது பேர். அவர் ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், தனியாக வந்திருந்தார். வீட்டிலேயே அடைந்து கிடக்காதீர்கள் என்று மகள் அனுப்பிவைத்தாளாம். மழை இல்லாத நாளிலும் கையில் மஞ்சள் குடை. முதல் நாளே தன் ஜன்னல் இருக்கையை மூட்டுவலிக்கார அம்மா ஒருவருக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, முன்வரிசையில் என் பக்கத்து இருக்கைக்கு வந்துவிட்டார். எல்லோரும் கடலில் இறங்கியபோது, "எனக்கு நீச்சல் தெரியாதுப்பா, கால மட்டும் நனைச்சுக்கறேன்" என்று சிரித்தார். நல்ல மனிதர். எனக்கு அவரைப் பிடிக்காது என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பாதீர்கள்.

எங்கள் வழியில் கரையை விட்டுத் தள்ளி ஒரு பாறை இருக்கிறது. கடல் வற்றும் நேரத்தில் மணல் திட்டு வெளியே தெரியும், அதன்மேல் நடந்தே போகலாம். கடலுக்குப் போன புருஷனுக்காக ஒருத்தி தினமும் அந்தப் பாறையில் நின்று கையசைத்தாள், கடைசியில் தண்ணீர் அவளையும் கொண்டுபோனது என்று ஒரு கதை உண்டு. நான் கட்டியதுதான். வேலைக்குச் சேர்ந்த இரண்டாம் வருடம், டயர் வெடித்து எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்தபோது வாயில் வந்தது. இன்றைக்குக் கரையோரக் கடைகளில் அவளைப் பொம்மையாகச் செய்து விற்கிறார்கள். எத்தனையோ பேர் கண் கலங்கியிருக்கிறார்கள், ஐயா. அதில் என்ன பொய் இருக்கிறது?

இரண்டாம் நாள் மதியம் அந்தக் கதையைச் சொல்லி முடித்தேன். வாத்தியார் கையை நீட்டினார்.

"தம்பி, ஒரு நிமிஷம் மைக்கக் குடுங்க." கொடுத்தேன். "நாப்பது வருஷம் வரலாறு சொல்லிக்குடுத்தவன் நான். இந்தக் கரையில அப்படி ஒரு பொண்ணும் இல்ல, கதையும் இல்ல. கேக்கறவன் கேனையனா இருந்தா கேப்பையில நெய் வடியுதுன்னு சொல்வாங்களாம்."

பேருந்தே சிரித்தது. அது பரவாயில்லை, சிரிப்பதற்குத்தான் சுற்றுலா வருகிறார்கள். ஆனால் கண்ணாடியில் மச்சினனின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். அப்புறம் யாரும் என்னிடம் கேள்வி கேட்கவில்லை. தேநீருக்கு நிறுத்திய இடத்தில் அவரைச் சுற்றித்தான் கூட்டம். நான் தனியாகக் கோப்பையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கிளம்பும்போது என்னிடம் வந்து தோளில் கை போட்டார். "தப்பா எடுத்துக்காதீங்க தம்பி. ஆபீசுக்கு ஒரு கடிதாசி எழுதப்போறேன். இப்பதான் பதிவு பண்ணின குரல் வந்துடுச்சே, காதுல மாட்டிக்கிட்டா சரியான தகவல் தானா வருது. உங்களுக்கும் தொண்டைத்தண்ணி வத்தாது பாருங்க."

நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஆனால் முதலாளி ஏற்கெனவே சொல்லியிருந்தார், இன்னும் ஒரு புகார் வந்தால் அந்தக் கருவியை வாங்கிவிடுவதாக. மைக்கைப் பிடுங்கிவிட்டால் நான் யார்? வீட்டில் வாயைத் திறந்தாலே மனைவி, "இது பஸ் இல்ல" என்பாள். அன்று முழுக்க எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோபமெல்லாம் இல்லை, ஐயா. ராத்திரி முழுக்கக் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன், அவ்வளவுதான். இப்போது நடப்பது போலத்தான்.

மூன்றாம் நாள் காலை பாறை. என் சட்டைப்பையில் எப்போதும் கடல் ஏறி இறங்கும் நேர அட்டவணை இருக்கும். ஒவ்வொரு நாளும் முக்கால் மணி, ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். அன்றைக்குப் பதினொன்றே காலுக்கு மணல் திட்டு முழுகிவிடும். மறுநாளைக்குப் பன்னிரண்டு ஐந்து. எல்லோரிடமும் பத்தே முக்காலுக்கு விசில் என்று சொன்னேன். வாத்தியாரை மட்டும் தனியாக அழைத்து அட்டவணையைக் காட்டினேன். மறுநாள் வரியில் என் விரல் இருந்தது.

"உங்களுக்கு அவசரமில்ல சார். பன்னெண்டுக்குத்தான் பஸ் எடுப்போம், மத்தவங்க கரையில காபி சாப்பிடுவாங்க. பாறைக்குப் பின்னால, கீழ, கல்லுல ஏதோ எழுத்து செதுக்கியிருக்கு. எனக்குப் படிக்கத் தெரியல. நீங்க படிச்சுட்டு வந்து மைக்குல சொல்லுங்க, நான் கொஞ்சம் கத்துக்கறேன்."

முகம் மலர்ந்துவிட்டது அவருக்கு. "இதுதான் தம்பி வேணும், இந்த மனசுதான் வேணும்" என்றார். அங்கே எழுத்து இருப்பது உண்மைதான். யாரோ காதலர்கள் பேரைக் கிறுக்கியது. போனில் சார்ஜ் குறைவு என்றார். கொடுங்கள், வண்டியில் போட்டு வைக்கிறேன் என்று நானே வாங்கிக்கொண்டேன்.

பத்தே முக்காலுக்கு விசில் ஊதினேன். பாறைக்குப் பின்னால் நிற்பவருக்கு விசில் கேட்காது, அலைச் சத்தம் அப்படி. பதினொன்றுக்கு வண்டி கிளம்பியது. மூட்டுவலிக்கார அம்மாதான் கேட்டார்கள்.

"வாத்தியார் எங்கப்பா, காணமே?"

"சொந்தக்காரங்க இந்த ஊர்லதான் இருக்காங்களாம்மா. மதியச் சாப்பாட்டுக்கு நேரா வந்துடுவாரு."

"சொல்லிக்காமயா போனாரு?" என்றார்கள். வருத்தமாகத்தான் கேட்டார்கள்.

அடுத்த நிறுத்தம் குன்றின்மேல் காட்சி முனை. அங்கிருந்து பாறை முழுசாகத் தெரியும். நேரம் பதினொன்று நாற்பது. மணல் திட்டு போய்விட்டது, பாறையைச் சுற்றித் தண்ணீர். அதன் உச்சியில் மஞ்சளாக ஏதோ இப்படியும் அப்படியும் ஆடியது. பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அந்தப் பாறையின் உச்சியும் முழுகும். இது என் அட்டவணையில் இல்லை, ஆனால் எனக்குத் தெரியும்.

"அது அவரு குடை மாதிரி இல்ல?" என்றார்கள் அந்த அம்மா.

"அந்தக் குடை கடைக்குக் கடை விக்குதும்மா. அங்க நிக்கறவங்க வேணும்னே தங்கறவங்க, படகு வந்து கூட்டிட்டுப் போகும்."

பிறகு கையில் பிடித்துப் பேசும் சின்ன மைக்கை எடுத்து அந்தப் பெண்ணின் கதையைத் திரும்பச் சொன்னேன். அன்றைக்குப் பேசியது போல நான் என்றைக்கும் பேசியதில்லை. யாரும் சிரிக்கவில்லை. "பாருங்க, அங்க யாரோ நமக்குக் கையசைக்கறாங்க, நாமளும் அசைப்போம்" என்றேன். எல்லோரும் அசைத்தார்கள். குழந்தையைத் தோளில் தூக்கிக்கொண்டு ஒருவர் அசைத்தார். அந்த அம்மாவும்கூட, ஒரு கையைக் கம்பியில் ஊன்றிக்கொண்டு. சட்டைப்பையில் அவருடைய போன் இரண்டு முறை அதிர்ந்தது. திரையில் 'மகள்' என்று இருந்தது. அடுத்தவர் போனை எடுப்பது மரியாதை இல்லை என்று விட்டுவிட்டேன். பன்னிரண்டுக்கு நாங்கள் சாப்பிடப் போய்விட்டோம்.

சரி, நான் வந்த விஷயம். மச்சினன் நேற்று இங்கே வந்து அழுதிருக்கிறான். "அத்தானுக்கு வயசாயிடுச்சு, அட்டவணையப் பாக்காம விட்டுட்டாரு, எண்ணிக்கையிலயும் தப்பு பண்ணிட்டாரு" என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கவனக்குறைவு என்று நீங்களும் முடித்துவிடப் போகிறீர்களாம். என்னைக் காப்பாற்ற நினைக்கிறான், பாவம். ஆனால் நாளைக்கு ஆபீசில் என்ன பேசுவார்கள்? மனுஷன் எண்ணினால் தப்பும், கருவியே மேல் என்பார்கள்.

அந்தத் தாளைக் கிழித்துவிடுங்கள், ஐயா. கடைசி வரிசையிலிருந்து முன்வரை நடந்தேன். ஒவ்வோர் இருக்கையையும் தொட்டேன். முப்பத்தெட்டுப் பேர், என் பக்கத்து இருக்கை காலி. சந்தேகம் வேண்டாம் என்று திரும்பப் போய் இன்னொரு முறையும் எண்ணிவிட்டுத்தான் "சரி" என்றேன்.