வாங்கிட்டேன்னு சொன்ன பொட்டி

குந்து நைனா, குந்து. பென் டிரைவ கைல புடிச்சுகினு நீ நிக்கறது எனக்கு பேஜாரா கீது. பொண்ணு கல்யாண வீடியோ தானே? மாப்ள நாளைக்கு கப்பல் ஏறுறாரு, எட்டு மாசம் கடல்ல போட்டுப் பாக்க ஆசப்பட்றாரு, தெரியாதா எனக்கு? தரேன். மொதல்ல அந்த மூலைல கருப்பா ஒரு பொட்டி கீது பாரு, அத்தப் பத்தி ரெண்டு வார்த்த.

சுத்தி வளைக்கல நைனா. காரணம் கீது.

அது ஸ்டோரேஜ். ஜெயவேல் ஸ்டூடியோல எடுத்த அத்தனையும் அதுக்குள்ள. மூணு கம்ப்யூட்டரும் ஒயர் வழியா அதுகிட்ட பேசும். எப்டிப் பேசணும்னு ஒரு முறை கீது, புரோட்டோகால். கவர்னர் வந்தா யாரு மொதல்ல கை குடுக்கணும்னு வெச்சுக்கீறாங்களே, அதே வார்த்த. கிரேக்கத்துலருந்து வந்தது... சரி, வாணாம் வுடு.

மொதல்ல எஸ்எம்பின்னு ஒன்னு போட்டிருந்தேன். மருவாதி ஓவர். ஒவ்வொரு போட்டோவுக்கும் தொறக்கட்டா, படிக்கட்டா, மூடட்டான்னு கேக்கும். ஹார்பர் கேட்ல ஆளாளுக்கு பாஸ் பாக்கற மாறி. பெரிய வீடியோன்னா ஒரு கண்டெய்னர், ஒரே பாஸு, சர்ருனு பூடும். உன் வூட்டுக் கல்யாணம் மாறி நாலாயிரம் போட்டோன்னா! ஆல்பத்தத் தொறந்துட்டு டீ குடிச்சுட்டு வந்தாலும் பாதி தான் வந்திருக்கும்.

சரின்னு படிச்சுப் பாத்து, என்எஃப்எஸ்னு இன்னொன்னுக்கு மாத்தினேன். அதுல ஒரு சூட்சுமம். குடோன் கிளார்க்கு ரெண்டு வகை. ஒருத்தன் மூட்டைய அடுக்குன பொறவு தான் கையெழுத்துப் போடுவான். இன்னொருத்தன் மூட்ட தோள்ல கீறப்பவே, வாங்கிட்டேன்னு போட்ருவான். நான் பொட்டிக்குள்ள ரெண்டாவது ஆள வேலைக்கு வெச்சேன். பறந்துச்சு! எடிட்டிங் பண்ற நம்ம கமாலுதீன் பாத்துட்டு, புது பொட்டி வாங்கிட்டியாடான்னு வாயப் பொளந்தான்.

முடிச்சிட்டேன், முடிச்சிட்டேன். பென் டிரைவ ஆட்டாத.

கல்யாணத்துக்கு மறுநாள் மத்தியானம் மேடைக் கேமரா கார்ட காப்பி பண்றேன். முடிஞ்சுதுன்னு வந்துச்சு. முகத்துவாரக்குப்பத்துல காதுகுத்து, கார்டு வோணும், அழிச்சேன். அர நிமிசம் ஆவல, கரண்டு பூட்ச்சு. யூபிஎஸ்ஸா? பேட்டரி செத்து ஒரு மாசம் ஆவுது. நான் பாட்டுக்கு குப்பத்துக்கு ஓடி, அதே கார்டு மேல காதுகுத்த எடுத்துட்டேன். திரும்பி வந்து பொட்டியத் தொறந்தா... தோள்ல இருந்த மூட்ட இன்னா ஆயிருக்கும், நீயே சொல்லு.

பதறாத நைனா! பந்தி முழுசா கீது, உன் மச்சான் மூணு வாட்டி பாயாசம் வாங்கறது வரைக்கும். புத்த பிக்கு பஞ்சசீலம் சொன்னது கீது. கடைசியா தோள்ல இருந்த மூட்ட, மால மாத்துனது, அது மட்டும் தான் இல்ல. ஏழு நிமிசம்.

திட்டு, நல்லா திட்டு. ஆனா மெதுவா. உள்ள ஆளு கீறாங்க.

அந்தத் தெரைக்குப் பின்னாடி பாரேன். கார்குழலியும் மாப்ளையும் தான். காலைலயே வந்துட்டாங்க. அதே வெள்ளப் பொடவ, அதே சட்ட. உன் பொண்ணு உன்னவிட நல்லா திட்டுது நைனா, ஒரு மணி நேரம். இப்ப சிரிச்சுகினு கீது. மால ராயபுரத்துல சொல்லி அதே மாறி கட்டினு வந்துட்டேன். லைட்டு ரெடி. உனக்கு வேல ஒன்னே ஒன்னு. அன்னிக்கு மால மாத்தச்சொல்லோ துண்ட வாயில வெச்சுகினு அழுத பாரு, அத்த இன்னொரு வாட்டி அழுவணும். அது இல்லன்னா வீடியோவே வாணாம்னு சொல்ட்ச்சு பொண்ணு.

ஐயோ, இரு நைனா, இரு. இன்னும் கேமராவ ஆன் பண்ணல.