ஏழாம் கட்டத்து மின்னல்

இந்த அறையின் குழல்விளக்குக்கு ஸ்டார்ட்டர் மாற்ற வேண்டும், ஐயா. வந்து உட்கார்ந்ததிலிருந்து பார்க்கிறேன், இடது முனை மினுக்கிக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு அது தெரியவில்லை. உங்களைக் குறை சொல்லவும் மாட்டேன். பதினைந்து வருடம் திரையைப் பார்த்தே சோறு தின்றவன் கண்ணுக்குத்தான் இதெல்லாம் உறுத்தும்.

என் தொழில் என்ன என்று உங்கள் உதவியாளர் இரண்டு முறை கேட்டார். கடைசியில் 'வீடியோ கேம் தயாரிப்பவர்' என்று எழுதிக்கொண்டார். நான் ஒரு கேம்கூடத் தயாரித்ததில்லை. கேம் சென்டரில் ஆளுயரத்துக்கு நிற்கிறதே இயந்திரம், அதில் ஓடுகிற ஆட்டத்தை வீட்டுத் தொலைக்காட்சியில் மாட்டுகிற வெள்ளைப் பெட்டிக்குள் கொண்டுவந்து சேர்ப்பது என் வேலை. எங்களுக்குள் இதை நடவு என்போம். ஒரு மண்ணில் வளர்ந்ததைப் பிடுங்கி இன்னொரு மண்ணில் ஊன்றுவது. அந்தப் பெரிய இயந்திரத்தின் மூளை எங்கே, இந்தச் சின்னப் பெட்டியின் மூளை எங்கே? பானைச் சோற்றைக் கிண்ணத்தில் அடைக்கிற கதைதான். எதையாவது வெட்டியே ஆக வேண்டும். எதை வெட்டுகிறான் என்பதில் ஆள் தெரிந்துவிடுவான்.

நல்ல நடவு என்று நான் ஒப்புக்கொள்வது மூன்றோ நாலோதான். மீன்காரன் பூனைகளைத் துரத்துகிற ஆட்டம் ஒன்று உண்டு. நகோயாக்காரர்கள் அதை வெள்ளைப் பெட்டிக்குக் கொண்டுவந்தபோது பன்னிரண்டு பூனையில் நாலைக் குறைத்துவிட்டார்கள். ஒருவருக்கும் தெரியவில்லை. மிச்சமிருந்த எட்டும் அதே வேகத்தில் ஓடின, அதே மூலையில் நின்று திரும்பிப் பார்த்தன. அது நடவு. மலைப்பாதைக் கார் பந்தயத்தை நட்டவர்கள் மலையையே விட்டுவிட்டார்கள். அதை நான் நடவு என்று சொல்ல மாட்டேன், சாவு வீட்டில் வைக்கிற புகைப்படம் என்பேன்.

மூல ஆட்டத்தைச் செய்தவர்கள் எங்களுக்கு அதன் நிரலைத் தர மாட்டார்கள். இயந்திரத்தை மட்டும் லாரியில் ஏற்றி அனுப்பிவிடுவார்கள். மற்றதெல்லாம் கண்ணால்தான். ஜூசோ ரயில் நிலையத்துக்குப் பின்னால், ஒரு குடைக்கடை மாடியில் எங்கள் அலுவலகம். திரைக் கண்ணாடியின் மேல் ட்ரேசிங் தாளை ஒட்டி எல்லைகளை வரைவோம். யாராவது விளையாட, காமிரா வைத்து டேப் எடுப்போம். பிறகு டேப்பை ஒவ்வொரு படமாக நகர்த்தி, குண்டு எந்தப் படத்தில் கிளம்பியது, எந்தப் படத்தில் பட்டது என்று எண்ணுவேன். படம் முழுக்க என் பொறுப்பு. ஒலி கொமோரி என்பவர் பொறுப்பு. அவர் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஹெட்ஃபோனோடு உட்கார்ந்திருப்பார். அவர் எல்லையில் நான் தலையிடுவதில்லை. டேப் பார்க்கும்போது தொலைக்காட்சியின் சத்தத்தை அடியோடு அணைத்துவிடுவது என் வழக்கம்.

போன வருடம் எங்களுக்கு வந்தது 'கருமேகக் கோட்டை'. விமானத்தில் போய்க் கோட்டை கோட்டையாகச் சுட்டுத் தள்ளுகிற ஆட்டம். அலுவலகத்தில் ஒருவராலும் ஐந்தாம் கட்டத்தைத் தாண்ட முடியவில்லை. தாண்டாததை எப்படி டேப் எடுப்பது? உமேதாவில் ஒரு கேம் சென்டருக்குப் போனேன். அங்கெல்லாம் சங்கிலியில் கட்டிய நோட்டு ஒன்று கிடக்கும், வருகிறவர்கள் தங்கள் வீரத்தை அதில் எழுதிவைப்பார்கள். நுகாகா என்ற பெயரில் ஒருவர் ஏழாம் கட்டத்தின் கடைசி மூலை வரைக்கும் படம் போட்டு எழுதியிருந்தார். ரொட்டிக் கம்பெனியின் வண்டி ஓட்டுபவர். வயது முப்பத்தொன்று. நான் கூப்பிட்டதும் ஒரே வாரத்தில் எங்கள் மாடிக்கு வந்துவிட்டார்.

"எல்லாத்தையும் டேப் புடிக்கப் போறீங்களாண்ணே? என் மூஞ்சியப் புடிச்சிராதீங்க. வெளையாடறப்போ நாக்கத் தொங்கப் போட்டுக்குவேன், பாக்கச் சகிக்காது."

கையில் அப்படி ஒரு லாவகம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது, அதைச் சொல்லிவிடுகிறேன். ஏழாம் கட்டத்தில் கோட்டை வாசல் திறந்ததும் சிவப்பும் நீலமுமாக மின்னல் வெட்டும், ஒரு நிமிடம் நாற்பது நொடி நிற்காமல். அந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூடியபடியே ஆடி முடித்தார். ஏன் என்று கேட்டேன்.

"அந்த வெளிச்சத்தப் பாத்தா தல கிர்ருங்குதுண்ணே. கைக்குத்தான் வழி தெரியுமே, கண்ணு எதுக்கு?"

மின்னலுக்குள் குண்டுகள் எந்த நிறத்தில் வருகின்றன என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. ஒரே ஒரு தடவை கண்ணைத் திறந்து ஆடிச் சொல் என்றேன். அவரும் திறந்தார். பதினோராவது நொடியில் நாற்காலியோடு சாய்ந்துவிட்டார். கை கால் இழுத்தது, வாயில் நுரை. அது விபத்து, ஐயா. அதற்கு யாரும் பொறுப்பில்லை. அது டேப்பில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியில் வலிப்பு என்றார்கள், இந்த மாதிரி வெளிச்சம் ஆகவே ஆகாது என்றார்கள். ஓட்டுநர் உரிமம் போயிற்று, ரொட்டி வண்டியும் போயிற்று. எங்கள் முதலாளி தெராவோ இளகிய மனசுக்காரர். நுகாகாவை எங்களிடமே சோதனை ஆட்டக்காரராக வைத்துக்கொண்டார். அப்போதுதான் நுகாகாவின் அக்கா மித்சுயோ மாடியேறி வந்தார். சலவைக்கடையில் இஸ்திரி போடுகிறவர், கையெல்லாம் சூட்டுத் தழும்பு. சுற்றி வளைக்காமல் பேசினார்.

"அவன் இங்க வேல செய்யணும்னா அந்த மின்னல் இருக்கக் கூடாது. எனக்கு இருக்கறது அவன் ஒருத்தன்தான். ஒகுனிஷி சான், நீங்கதான் படத்துக்குப் பொறுப்புன்னாங்க. நீங்க சொல்லுங்க."

"எடுத்துடறேன்மா" என்றேன்.

"வாக்கா?"

"வாக்கு."

பிறகு எங்கள் எல்லோரையும் தரையில் உட்காரவைத்து, விழுந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், காலரைத் தளர்த்த வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது. கொமோரியைப் படுக்கவைத்து ஒவ்வொருவராகச் செய்துபார்த்தோம். நான்தான் முதல் தடவையிலேயே சரியாகச் செய்தேன் என்று மித்சுயோ சொன்னார்.

முதலாளியும் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "அத எடுத்துருப்பா ஒகுனிஷி. வீட்ல புள்ளைங்க உக்காந்து ஆடற பெட்டி. நாளைக்கு எவன் வீட்லயாவது ஒண்ணு ஆச்சுன்னா நான் எங்க போய் நிக்கறது?"

எடுத்தேன். கடைக்குப் போன பதிப்பில் வாசல் திறந்ததும் திரை மெல்ல வெளுத்து மெல்ல மங்கும். ஒரே மத்தியானத்தில் முடிந்த வேலை. பார்க்க டோஃபு மாதிரி, சோயாப்பால் கட்டி மாதிரி, வெள்ளையாக ருசியற்று இருக்கும். என் பெயர் போட்ட பொருளில் அப்படி ஒரு டோஃபு.

ஆட்டத்தைப் பதித்துப் பெட்டியில் செருகுகிற மின்பலகை ஒன்றைத் தனியாக எனக்காகச் செய்துகொண்டேன். விற்க அல்ல. அசல் மின்னலோடு ஒரு நடவு உலகத்தில் எங்காவது இருக்க வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான். ஆனால் அதில் ஒரு சிக்கல். வெள்ளைப் பெட்டியின் சிவப்பு வேறு, பெரிய இயந்திரத்தின் சிவப்பு வேறு. வீட்டுத் திரையின் மினுக்கும் வேறு. டேப்பில் எண்ணினால் கணக்கு ஒத்துப்போகிறது, பார்த்தால் ஏதோ இடிக்கிறது. நாள்கணக்கில் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஓடவிட்டுப் பார்த்தேன். என் கண்ணுக்கு முடிவு தெரியவில்லை. இதை அளக்க எங்கள் அலுவலகத்தில் கருவி எதுவும் கிடையாது. ஒரே ஒரு அளவுகோல்தான் இருந்தது. அது தினமும் மத்தியானம் இரண்டு மணிக்குப் படியேறி வந்து, பார்லித் தேநீர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, என் பக்கத்து நாற்காலியில் உட்காரும்.

அசல் இயந்திரத்தில் அவர் பதினோராவது நொடியில் விழுந்தார். என் பலகையிலும் பதினோராவது நொடியில் விழுந்தால் இரண்டும் ஒன்று. இதில் எனக்குக் கோபமோ வன்மமோ இருந்ததாக உங்கள் உதவியாளர் எழுதப் பார்க்கிறார். அவர்மேல் எனக்கு என்ன வன்மம்?

முதல் சோதனை அக்டோபரில். முதலாளியும் கொமோரியும் கண்காட்சிக்காக டோக்கியோ போயிருந்தார்கள். என் பலகையை மாட்டிவைத்துவிட்டு, மின்னலை எடுத்துவிட்டேன், கண்ணை மூட வேண்டாம், இனிமேல் தேவையில்லை என்று அவரிடம் சொன்னேன். அவர் சந்தோஷமாக ஆடினார். கட்டம் முடிந்ததும் கழிவறைக்குப் போய் வாந்தி எடுத்துவிட்டு வந்தார்.

"இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கு போலண்ணே."

"சரி பண்ணிடறேன்" என்றேன். சரி செய்தேன். சிவப்பை இரண்டு படி ஏற்றினேன்.

"அக்காகிட்ட சொல்லிராதீங்க. வேலைய விட்டுத் தொலைன்னு ஒத்தக் கால்ல நிப்பா."

சொல்லவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என் சுபாவம்.

இரண்டாவது சோதனை மூன்று வாரம் கழித்து. பதினான்காவது நொடியில் விழுந்தார். ஒருக்களித்துப் படுக்க வைத்தேன், காலரைத் தளர்த்தினேன், மித்சுயோ சொன்னதில் ஒன்றுகூட விடவில்லை. நினைவு திரும்பியதும் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதார்.

"என் ஒடம்புதாண்ணே கோளாறு. நீங்க எடுத்துட்டீங்க. என் மண்டைக்குள்ளதான் அது இன்னும் ஓடிக்கிட்டு இருக்கு."

இருக்கலாம் என்றேன். பாவமாக இருந்தது. அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை, வீட்டுக்குப் போய் அன்றைக்குச் சாப்பிடக்கூட இல்லை. ஆனால் பதினான்கு என்பது பதினொன்று இல்லையே.

மூன்றாவது டிசம்பரில். அதில் அவர் இறந்துபோனார். அது எப்படி நடந்தது என்று பிறகு சொல்கிறேன். டாக்டர் வலிப்பு என்று எழுதினார், வலிப்பு உள்ளவர் வலிப்பில் போனால் யார் என்ன கேட்பார்கள்? இறுதிச் சடங்கில் மித்சுயோ என் முன்னால் தரையில் நெற்றி பட வணங்கினார். "கடைசி வரைக்கும் அவன்கூட இருந்தீங்களே, அது போதும்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னதும் உண்மைதானே, நான் கூடவே இருந்தேன்.

விஷயம் அத்தோடு நின்றிருக்கும். ஏப்ரலில் ஒரு பத்திரிகை, வெள்ளைப் பெட்டிக்கு வந்த பத்துச் சிறந்த நடவுகள் என்று பட்டியல் போட்டது. முதலிடம் பூனைகளுக்கு. எனக்கு ஆட்சேபணை இல்லை. எங்கள் 'கருமேகக் கோட்டை' மூன்றாவது. அதிலும் ஆட்சேபணை இல்லை. கீழே சின்ன எழுத்தில் இரண்டு வரி இருந்தது. ஏழாம் கட்டத்து மின்னல் சப்பென்று இருக்கிறது, நட்டவர் அசலைச் சரியாகக் கவனிக்கவில்லை போலும் என்று.

கவனிக்கவில்லை என்று எழுதியிருந்தான், ஐயா. நானா கவனிக்கவில்லை? இரண்டு நாள் எனக்குத் தூக்கம் இல்லை. இந்தச் சின்னப் பெட்டியில் அது முடியாது என்று எழுதியிருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். மூன்றாம் நாள் அலமாரியைத் திறந்து டிசம்பர் டேப்பை எடுத்துப் பத்திரிகை ஆசிரியருக்கு அனுப்பிவைத்தேன். இடது பக்கம் அசல் இயந்திரத்தின் பழைய ஓட்டம், வலது பக்கம் என் பலகை, ஆடுகிறவருக்கு இடது திரை தெரியாதபடி நடுவே அட்டையை நிறுத்தி, இரண்டு திரையையும் ஒரே காமிராவில் பிடித்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள், பிறகு எழுதுங்கள் என்று ஒரு கடிதமும் வைத்தேன்.

அனுப்புவதற்கு முன்னால் நாலு முறை பார்த்தேன். சத்தம் இல்லாமல். நேற்று நீங்கள் சத்தத்தோடு போட்டுக் காட்டினீர்களே, அப்போதுதான் நானும் முதல் முறையாகக் கேட்டேன். மரத் தரையில் குதிகால் அடிக்கிற சத்தம். அதன் மேல் என் குரல், ஒவ்வொரு நொடியாக எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்த ஆசிரியர் அதைக் கேட்டுவிட்டுத்தான் உங்களிடம் ஓடிவந்திருக்கிறார். படத்தைப் பற்றி அவர் ஏதாவது சொன்னாரா என்று உங்களிடம் கேட்டேன். நீங்கள் டேப்பை உறையில் போட்டு மூடினீர்கள்.

சரி, மூன்றாவது சோதனை. அன்றைக்கும் மற்றவர்கள் வெளியே போயிருந்தார்கள், அப்படி ஒரு நாளாகப் பார்த்துத்தான் வைத்தேன். சோதனைப் பலகையில் விமானம் அழியாதபடி முன்கூட்டியே மாற்றியிருந்தேன். நாற்காலி காலியானாலும் ஆட்டம் ஓட வேண்டும் அல்லவா? நுகாகா வந்து உட்கார்ந்தார். வாசல் வருவதற்கு முன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொற, நுகாகா" என்றேன்.

"வேண்டாண்ணே. பயமா இருக்கு. மூடிக்கிட்டே ஆடிடறேனே, என்ன இப்போ?"

"நான் எடுக்காம இருப்பேனா? உங்கக்காவுக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

"நெஜமாலுமே இல்லையேண்ணே?"

"இல்ல. பாரு."

அவர் திறந்தார். என்னை ஒரு தடவை பார்த்துச் சிரித்துவிட்டுத் திரையைப் பார்த்தார். நான் எண்ணத் தொடங்கினேன்.

குப்புற விழுந்தார். கனமான குளிர்கோட்டு போட்டிருந்தார், முகம் அதில் புதைந்துவிட்டது. உடனே திருப்பிப் போட்டிருந்தால் மூச்சு வந்திருக்கும் என்று உங்கள் டாக்டர் சொல்வதை நான் மறுக்கவில்லை. திருப்பத் தெரியாது என்றும் சொல்ல மாட்டேன். மின்னலில் இன்னும் எண்பத்தொன்பது நொடி பாக்கி இருந்தது. நான் நடுவில் எழுந்து குறுக்கே போனால் காமிராவை மறைத்துவிடுவேன். அந்த டேப் வீணாகிவிட்டால் அவரை மறுபடியும் உட்காரவைக்க வேண்டியிருக்கும், அதை என்னால் தாங்க முடிந்திருக்காது. அதனால் முடியும்வரை எண்ணினேன். முடிந்ததும் காமிராவை அணைத்தேன், பலகையைக் கழற்றி அலமாரியில் வைத்தேன், பிறகு ஆம்புலன்ஸைக் கூப்பிட்டேன்.

நீங்கள் எழுதியதை வாசித்துக் காட்டினீர்கள். கொலை என்று போட்டிருக்கிறீர்கள். சட்டத்தின் சொல் உங்களுடையது, அதில் நான் தலையிடுவதில்லை. மை கொடுங்கள், கட்டைவிரலைப் பதிக்கிறேன். ஒரே ஒரு திருத்தம். மூன்றாம் பக்கத்தில் 'ஏறக்குறைய பதினோரு நொடியில் விழுந்தார்' என்று இருக்கிறது. ஏறக்குறைய என்பதை அடித்துவிடுங்கள். பதினோரு நொடிதான். நுகாகா உயிரைக் கொடுத்தது அதற்காகத்தான்.