இரண்டு சங்கு

வியாழக்கிழமை. மத்தியானச் சாப்பாட்டு நேரம். சங்கு ஊதுகிறது. ஏறி இறங்கி, ஏறி இறங்கி ஊதும் நீளச் சங்கு. குண்டு வருகிறது. ஓடுகிறோம்.

தூரத்தில் ஒரு ‘தும்’. பக்கத்தில் ஒரு ‘தும்’. மூன்றாவதற்குச் சத்தமே இல்லை. காது அடைத்துவிட்டது. தட்டிலிருந்த சோற்றில் மணல்.

அது பாலைவனத்தில் ஓர் எரிவாயு வயல். நாங்கள் பிழைக்கப் போனவர்கள். சண்டை யாருடையதோ. என்னைக் கூட்டிப்போனவர் சாமுவேல் அத்தான், என் அக்கா புருஷன். தரங்கம்பாடிக்காரர். எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம் நெல்வயலுக்கு நடுவே எண்ணெய்க் கிணறு தோண்டியபோது குழாய் தூக்கும் வேலையில் சேர்ந்தார். அந்தத் தொழில்தான் அவரைக் கடல் தாண்ட வைத்தது.

போர் தொடங்கியதும் ஊருக்குப் போய்விடலாம் என்றேன். கம்பெனி பாஸ்போர்ட்டைத் தரவில்லை. சண்டைக் காலத்தில்தான் வாயுவுக்கு நல்ல விலையாம். வயலை மூடாமல் புதுக் கிணறு தோண்டினார்கள்.

அங்கே இரண்டு சங்கு உண்டு. குண்டுச் சங்கு கேட்டால் பதுங்குகுழிக்குள் இறங்க வேண்டும். விட்டுவிட்டு ஊதும் வாயுச் சங்கு கேட்டால் மேட்டில் ஏற வேண்டும். எரிவாயுவோடு கலந்து வரும் அந்த வாயு விஷம். காற்றைவிடக் கனம். தண்ணீர் மாதிரி பள்ளம் பார்த்துப் பாயும். அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். நாற்றம் திடீரென்று நின்றால்தான் பயப்பட வேண்டும். மூக்கு செத்துவிட்டது என்று அர்த்தம்.

குண்டுச் சங்கு ஓயவில்லை. அதற்குள் வாயுச் சங்கும் ஊதுகிறது. எங்கோ குழாய் உடைந்துவிட்டது. ஒன்று இறங்கு என்கிறது. ஒன்று ஏறு என்கிறது. வாரக்கணக்காகக் குண்டுக்குப் பயந்த கால்கள். ஆறு பேர் குழிக்குள் இறங்கிவிட்டார்கள். நானும் முதல் படியில் கால் வைக்கிறேன்.

“இறங்காதடா! மேல ஏறு!”

அத்தான் என் காலரைப் பிடித்து இழுத்தார். காற்று எந்தப் பக்கம் என்று காட்டும் கொடி புகையில் தெரியவில்லை. களத்தில் நெல் தூற்றப் போகிறவர் போல ஒரு பிடி மணலை அள்ளி விட்டார். மணல் குழிப் பக்கம் சாய்ந்தது. வாயுவும் அங்கேதான் போகிறது.

அவரிடம் ஒரே ஒரு மூச்சுக்கவசம். சில நிமிடம்தான் தாங்கும். மாட்டிக்கொண்டு இறங்கினார். ஒருவனைத் தூக்கிக் கொடுத்தார். விளிம்பில் படுத்து வாங்கினேன். இன்னொருவன். அவனையும் வாங்கினேன். முட்டை நாற்றம் மூக்கைத் துளைத்தது. பிறகு நின்றது.

“போதும் அத்தான்! மேல வாங்க! வந்துடுங்க அத்தான்!”

கையை ஆட்டினார். வருகிறேன் என்றாரா, போ என்றாரா, தெரியாது. மூன்றாமவனைத் தேடித் திரும்பினார்.

பெட்டி தரங்கம்பாடிக்கு வந்தது. கல்லறைத் தோட்டம். கடல் இரைகிறது. போதகர் ஜெபிக்கிறார். நாலு பேர் கயிறு பிடித்துப் பெட்டியை இறக்குகிறார்கள். நான் கத்துகிறேன்.

“இறக்காதீங்க! உள்ள விடாதீங்க! மேல தூக்குங்க!”

என்னைப் பிடித்துக்கொண்டுபோய் மதிலோரம் உட்கார வைத்தார்கள். ஊரே அழுதது. அக்கா மட்டும் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது நீடாமங்கலத்தில் அக்கா வீட்டில் இருக்கிறேன். திருவிழாவுக்கு வெடி போட்டால் மொட்டை மாடிக்கு ஓடுகிறேன். தெருவில் சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும். வாய்க்காலில் இறங்கி வெகுகாலம் ஆகிறது.

கணக்குக் கேட்கிறவர்களுக்குச் சொல்கிறேன். குழியில் உயிர் போனவர்கள் நால்வர். அவர்களைத் தூக்கப் போனவர் ஒருவர், என் அத்தான். பிறகு என் மூக்கு. அது திரும்பவே இல்லை. மல்லிகையும் தெரியாது, மீனும் தெரியாது. கேஸ் கசிந்தாலும் தெரியாது.

அதனால் காலையில் அடுப்பு பற்றவைக்கும் முன் அக்கா சிலிண்டர் பக்கம் தரையோடு குனிந்து மோந்து பார்க்கிறாள். அதுவரை நான் மாடிப்படியில் நிற்கிறேன்.

“ஒண்ணும் இல்லடா. இறங்கி வா.”