சாட்சிக்காரன் சிபாரிசு

எங்கள் பெரம்பலூர்ப் பக்கத்தில் ஒருவனுக்கு வேலை கேட்க வேண்டுமென்றால் போனில் சொன்னால் எடுபடாது. தெரிந்த ஆள் ஒருவர் கூடப் போய் நிற்க வேண்டும். அறிவரசனுக்காக நான் ஏழு இடங்களில் போய் நின்றேன். வாக்குமூலத்தில் இதை முதலில் குறித்துக்கொள்ளுங்கள், சார்.

எட்டு வருடம் திருச்சி ஜெயிலில் இருந்துவிட்டு வந்தவன் நேராக என்னிடம்தான் வந்தான். அவன் மகள் பிரவீணா அவனுடைய அக்காள் வீட்டில் வளர்கிறாள். ஒரு வேலையில் நிலைத்தால்தான் பிள்ளையை அனுப்புவேன் என்று அக்காள் கறாராகச் சொல்லிவிட்டாளாம்.

“அன்னிக்குப் பொகையில உங்களுக்கு ஆளு சரியாத் தெரிஞ்சிருக்காதுண்ணே. மனசறிஞ்சு பொய் சொல்ற ஆளு நீங்க இல்ல. சாட்சி சொன்ன நீங்களே கூட வந்து நின்னா எவனும் மறுக்க மாட்டான்” என்றான்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. இப்படி நம்புகிறவனை ஊருக்குள் வைத்துக்கொண்டு ஒருவன் எப்படி நிம்மதியாக இருப்பது?

போன இடத்திலெல்லாம் அவனை வெளியே நிறுத்திவிட்டு உள்ளே போய்ப் பேசினேன். “நல்லா உழைக்கிற பயதாங்க. எங்கண்ணன் வெங்காயப் பட்டறையக் கொளுத்துன கேசு தெரியும்ல, ஆண்டாயின்னு ஒரு பொம்பள வெந்து செத்துச்சே, அதுல உள்ள போனவன். தீப்பெட்டி மட்டும் கண்ணுல படாம பாத்துக்கங்க.” முதல் ஆறு பேரும் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வேலை கிடைக்காவிட்டால் திருப்பூர் பக்கம் போய்விடுவான் என்று நினைத்தேன். அவனுக்கும் அதுதான் நல்லது.

ஏழாவது, வரதராஜன்பேட்டையில் முந்திரிக் கொட்டகை வைத்திருக்கும் ஆனி ரோஸ் டீச்சர். அவரிடமும் அதே பேச்சுதான். அக்கறையில் ஒரு வார்த்தை கூடிவிட்டது.

“கொட்டகை ஓரத்துல காஞ்ச மக்காச்சோளத் தட்டை கிடக்காம பாத்துக்கங்க டீச்சர். அதைச் சொருவித்தான் பத்த வச்சான்.”

டீச்சர் கண்ணாடியைக் கழற்றினார். “மறைக்கக் கூடாதுன்னு அந்தத் தம்பி நேத்தே வந்து தீர்ப்பு நகலக் குடுத்துட்டுப் போச்சு. முழுசாப் படிச்சேன். கூரை மேல மண்ணெண்ணெய் ஊத்துனதப் பாத்தேன்னுதானங்க நீங்க சொல்லியிருக்கீங்க, வேல்முருகன்? தட்டை எங்கேருந்து வந்துச்சு?”

இத்தனை வருடத்தில் அந்தக் காகிதத்தை யாரும் அப்படிப் படித்ததில்லை.

தட்டையை நான்தான் கொண்டுபோனேன். அண்ணன் வருடா வருடம் வெங்காயத்தைச் சேர்த்துவைக்கும் பட்டறையை வரப்பு தாண்டி என் நிலத்தில் அரை முழம் தள்ளியே போடுவார். பலமுறை சொல்லிப் பார்த்தேன். அன்று நல்ல உச்சிவெயில், மேலே காய்ந்த கீற்று. பற்றிக்கொள்ள நேரமாகவில்லை. ஆண்டாயி அந்தப் பக்கம் நிழலுக்கு ஒதுங்கிப் படுத்திருந்தது எனக்குத் தெரியாது. எரிந்த கூரை அவள்மேல் சரிந்த பிறகுதான் குரல் கேட்டது.

இழுத்துப்போட ஓடிவந்தவன் அறிவரசன். முழங்கை வரை வெந்துவிட்டது. அதற்கு முந்தின வாரம்தான் அண்ணனோடு அவனுக்கு வாய்த்தகராறு. அந்தத் தகராறும் கைக்காயமும் கேசுக்குப் போதுமானவையாக இருந்தன.

நான் ஓடவில்லை. பத்தடி தள்ளி நின்றிருந்தேன். யாராவது ஒருவர் நின்று பார்த்தால்தானே சார், பிறகு கோர்ட்டில் வந்து சாட்சி சொல்ல முடியும்?